காற்றை வைத்துப் பிழைக்கும் கிராமம் தெரியுமா?

வீட்டில் ரொட்டி இரண்டு நாள் கூடுதலாகக் கிடந்து பச்சையாகப் பூசணம் பூத்துவிட்டால் என்ன செய்வீர்கள்? மூக்கைப் பொத்திக்கொண்டு குப்பையில் போடுவீர்கள்! அதே பூசணத்தை வேண்டுமென்றே வளர்த்து, உலர்த்தி, பொடித்து, பாலில் தூவி, அதை நம்பியே ஓர் ஊர் அறுநூறு வருஷத்துக்கும் மேலாக வாழ்கிறது, தெரியுமா? அந்த ஊருக்காக ராஜா பட்டயம் எழுதிக் கொடுத்தார். நீதிமன்றம் மலையைக் காட்டித் தீர்ப்பு சொன்னது. அமெரிக்க அரசு வரி போட்டு மிரட்டியது. நம்ப முடிகிறதா?

ஊரின் பெயர் ரோக்ஃபோர். முழுப்பெயர் ரோக்ஃபோர்-சூர்-சூல்ஸோன். பிரான்ஸின் தெற்கே, அவேரோன் மாவட்டத்தில், பாரிஸிலிருந்து 500 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, ஒரு செங்குத்துப் பாறையின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மக்கள்தொகை எவ்வளவு தெரியுமா? அறுநூறைக்கூடத் தாண்டாது! நம்மூரில் ஒரு நடுத்தரக் கல்யாண மண்டபத்தில் மொத்த ஊரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்துவிடலாம்!

பெயரே பாறைதான்!

ரோக்ஃபோர் என்றால் 'வலிய பாறை' என்று பொருள். பிரான்ஸில் இதே பெயரில் இன்னும் பல ஊர்கள் இருக்கின்றன. அங்கெல்லாம் போய் "சீஸ் எங்கே?" என்று கேட்டால் கையை விரிப்பார்கள். உலகப் புகழ் பெற்ற அந்த நீலப் பூசணச் சீஸ் பிறப்பது இந்த ஓர் ஊரில்தான்!

சூல்ஸோன் என்பது கீழே ஓடும் சின்ன ஆறு. பெயரில் ஆறு இருந்தாலும் ஊரை வாழவைப்பது தண்ணீர் இல்லை, காற்று!

மலை சரிந்தது, ஊர் நிமிர்ந்தது!

மலை சரிந்தால் ஊர் அழியும் என்றுதானே கேள்விப்பட்டிருக்கிறோம்? இங்கே நேர்மாறு! ஊருக்குப் பின்னால் நிற்பது கொம்பாலு என்னும் சுண்ணாம்புப் பாறை மலை. அதற்கு அடியில் இருப்பதோ களிமண். வெகு காலத்துக்கு முன் அந்தக் களிமண்ணின்மேல் பாறையின் ஒரு பகுதி வழுக்கிச் சரிந்து நொறுங்கியது. விழுந்த பாறைகள் ஒன்றின்மேல் ஒன்று தாறுமாறாக அடுக்கிக்கொண்டன. இடையிடையே ஆழமான பிளவுகளும் பொந்துகளும் உண்டாயின.

அந்தப் பாறைக் குவியல் எவ்வளவு பெரிது தெரியுமா? நீளம் சுமார் 2 கிலோமீட்டர், அகலம் சுமார் 300 மீட்டர். அவ்வளவுதான்! ரோக்ஃபோர் என்ற பெயரை முத்திரையாகக் குத்தி விற்கும் ஒவ்வொரு சீஸ் கட்டியும் இந்தத் துண்டு நிலத்துக்குள் இருக்கும் குகைகளில் படுத்து எழுந்து வந்ததாகவே இருக்க வேண்டும்!

மலைக்கு மூக்கு உண்டா?

உண்டு! அந்தப் பிளவுகளுக்கு உள்ளூர்க்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஃப்ளெரீன்'. மலையின் உடம்புக்குள் வளைந்து நெளிந்து ஓடும் இந்தச் சந்துகள் வழியாகக் காற்று ஓயாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. வெளியே உள்ள சூட்டுக்கும் குளிருக்கும் தகுந்தபடி அது உள்ளே போகும், வெளியே வரும். மலை மூச்சு விடுகிறது!

வெளியே கோடை வெயில் 30 டிகிரியைத் தாண்டினாலும் சரி, பனி கொட்டினாலும் சரி, குகைக்குள் வெப்பம் 8 முதல் 12 டிகிரிக்குள்தான் இருக்கும். ஈரப்பதம் 95 சதவீதத்தை ஒட்டி நிற்கும். ஏசி இல்லை, மோட்டார் இல்லை, மின்கட்டணம் இல்லை! பிளவின் வாயில் ஒரு சின்ன மரக்கதவு மட்டும் இருக்கும். குகைப் பொறுப்பாளர் அதைக் கொஞ்சம் திறப்பார், கொஞ்சம் மூடுவார். ரெகுலேட்டர் அவ்வளவுதான்!

வெளியே வீடு, உள்ளே பாதாளம்!

தெருவில் நடந்து போனால் சாதாரணக் கல் கட்டடங்கள்தான் தெரியும். கதவைத் திறந்து உள்ளே போனால்? படிகள் கீழே இறங்கும். இன்னும் இறங்கும். மாடிமாடியாக நிலவறைகள்! நாம் வானத்தைப் பார்த்து மாடி கட்டுகிறோம். இவர்கள் மலைக்குள் பூமியைப் பார்த்துக் கட்டியிருக்கிறார்கள். தெருவில் தெரிகிற ஊரைவிடத் தெருவுக்கு அடியில் மறைந்திருக்கும் ஊர்தான் சுறுசுறுப்பானது!

கருகச் சுட்ட ரொட்டியின் ரகசியம்

இப்போது அந்தப் பூசணத்துக்கு வருவோம். அதன் பெயரிலேயே ஊர் இருக்கிறது, தெரியுமா? பெனிசிலியம் ரோக்ஃபோர்ட்டி! 1906-ல் இந்தப் பெயரை வைத்தவர் சார்லஸ் தாம் என்ற அமெரிக்க விஞ்ஞானி. ஒரு கிராமத்தின் பெயர் நுண்ணுயிரியல் பாடப்புத்தகத்தில் ஏறிவிட்டது!

பழைய முறையில் இதை எப்படி வளர்ப்பார்கள்? ரை தானிய மாவில் பெரிய பெரிய ரொட்டிகள் செய்து, மேல்தோல் கறுத்துக் கருகும் வரை சுடுவார்கள். உள்ளே மட்டும் ஈரம் நிற்கும். அதைக் கொண்டுபோய்க் குகையில் வைத்துவிட்டு மறந்துவிடுவார்கள். ஆறு முதல் எட்டு வாரம்! பிறகு உடைத்துப் பார்த்தால், கறுப்பு ஓட்டுக்குள் ரொட்டி இருக்காது. பச்சை நீலத்தில் பஞ்சு மாதிரி பூசணம்தான் அடைத்துக்கொண்டு நிற்கும்! அதை உலர்த்திச் சலித்தால் விபூதி மாதிரி மெல்லிய பொடி. ஒரு சிட்டிகைக்குள் கோடிக்கணக்கான விதைத்துகள்கள்!

இன்று பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தில் வளர்த்த பூசணம்தான் பயன்படுகிறது. ஆனாலும் ரொட்டி சுடும் பழக்கத்தை விடாதவர்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள்.

இன்னொரு விஷயம். பெனிசிலின் மருந்தும் இதன் குடும்பத்துப் பூஞ்சையிலிருந்துதான் வந்தது. அதற்காக இந்தச் சீஸைச் சாப்பிட்டால் காய்ச்சல் போகும் என்று கிளம்பிவிடாதீர்கள்! அது சித்தப்பா, இது பெரியப்பா மகன் கதை. வேறு வேறு இனம்.

பசும்பாலா? வாயை மூடுங்கள்!

ரோக்ஃபோர் சீஸுக்குப் பசும்பால் ஆகாது. எருமைப்பால் ஆகாது. வெள்ளாட்டுப் பாலும் ஆகாது. செம்மறியாட்டுப் பால்தான்! அதிலும் எல்லாச் செம்மறியும் இல்லை, 'லகோன்' என்ற ஒரே இனம்! காய்ச்சாத பச்சைப் பால். குட்டி போட்டு 20 நாள் ஆகும் வரை அந்த ஆட்டின் பாலைத் தொடக்கூடாது. எல்லாமே எழுதி வைத்த விதி!

ஒரு கட்டிக்கு எவ்வளவு பால் வேண்டும் தெரியுமா? வட்டமான ஒரு கட்டி ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் அகலம், இரண்டரை முதல் மூன்று கிலோ எடை. அதற்குச் சுமார் 12 லிட்டர்! நல்ல கறவைப் பசு ஒரே நாளில் இதைவிட அதிகம் கறந்துவிடும். செம்மறியாடு ஒன்று நாளுக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர் தந்தாலே பெரிய விஷயம். ஏழெட்டு ஆடுகளின் ஒரு நாள் உழைப்பு ஒரு கட்டிக்குள் அடங்கிவிடுகிறது!

சுற்றுவட்டாரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பண்ணைகள் இந்த ஊருக்காகவே பால் கறக்கின்றன. ஊரில் சீஸைப் பக்குவப்படுத்தி விற்கும் நிறுவனங்கள் எத்தனை? வெறும் ஏழு! ஏழு பேர் கையில் ஒரு மாவட்டத்தின் அடுப்பு எரிகிறது.

ஒரு காலத்தில் சுற்றுவட்டாரப் பால் போதாமல், கடல் தாண்டி கோர்சிகா தீவிலேயே பாலை வாங்கி, அங்கேயே வெள்ளைக் கட்டியாக்கி, கப்பலேற்றி இந்தக் குகைக்குக் கொண்டுவந்தார்கள் என்றால் பாருங்கள்!

ஊசி குத்திய கட்டி!

சரி, குகைக்குள் என்ன நடக்கிறது? கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

மங்கலான வெளிச்சம். கல் சுவரில் நீர் கசிந்து மினுமினுக்கிறது. நீளநீளமாக ஓக் மரப் பலகைகள். அதன்மேல் வெள்ளைக் கட்டிகள் நெற்றியை நிமிர்த்திக்கொண்டு, ஒன்றையொன்று தொடாமல், வரிசையாக நிற்கின்றன. படுக்க வைப்பதில்லை, நிற்க வைக்கிறார்கள்! காற்று எல்லாப் பக்கமும் தழுவ வேண்டுமே!

ஒவ்வொரு கட்டியிலும் பொட்டுப்பொட்டாகத் துளைகள். குகைக்குள் வருவதற்கு முன்பே ஒரு கருவி டஜன் கணக்கான ஊசிகளால் அதைக் குத்தியெடுத்திருக்கும். ஏன் தெரியுமா? உள்ளே தூவிய பூசணத்துக்கு மூச்சு விட வழி வேண்டும்! மலைக்கு எப்படிப் பிளவோ, கட்டிக்கு அப்படித் துளை. மலையின் மூச்சு கட்டிக்குள் போகிறது. போன வழியெல்லாம் நீல நரம்பு ஓடுகிறது!

இப்படி மேலாடை இல்லாமல் குகைக் காற்றில் குறைந்தது 14 நாள் நிற்க வேண்டும். பிறகு மெல்லிய உலோகத் தாளில் சுற்றி, இன்னும் குளிரான அறைக்கு மாற்றுகிறார்கள். பால் கட்டியாகி மொத்தம் 90 நாள் முடியாமல் கட்டி வெளியே தலை காட்டக் கூடாது!

உள்ளே பழுத்துவிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அறுத்துப் பார்த்தால் கட்டி வீணாகிவிடுமே? அதற்கும் ஒரு வித்தை வைத்திருக்கிறார்கள்! அரிசிக்கடையில் மூட்டையைக் குத்தி மாதிரி எடுக்க ஒரு குத்தூசி வைத்திருப்பார்களே, நினைவிருக்கிறதா? கிட்டத்தட்ட அதே மாதிரி ஒரு குழல் கம்பி. குத்தி, ஒரு சுற்றுச் சுற்றி, விரல் அளவு துண்டை உருவி எடுப்பார் குகை மேஸ்திரி. நிறத்தைப் பார்ப்பார், மோந்து பார்ப்பார், நுனியில் ஒரு துளி நாக்கில் வைப்பார். மிச்சத்தை அதே ஓட்டையில் திரும்பச் செருகிவிடுவார்! வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது!

குகைக்குள் பெண்கள்!

இந்த வேலையெல்லாம் நூற்றாண்டுக்கணக்கில் செய்தவர்கள் யார் தெரியுமா? பெண்கள்! 'கபனியேர்' என்று அவர்களுக்குப் பெயர். உப்புத் தேய்ப்பது, சுரண்டுவது, திருப்பி வைப்பது, சுற்றிக் கட்டுவது எல்லாம் அவர்கள் கைதான். வெளியே கோடை, உள்ளே 8 டிகிரி ஈரக்குளிர், கையில் கல்லுப்பு. ராஜா பெயரும் கம்பெனி பெயரும் சரித்திரத்தில் இருக்கின்றன. இந்த ஊரின் உண்மையான ருசி அந்த விரல்களில் இருந்தது என்பேன்.

அவர்கள் கட்டியின்மேல் சுரண்டி எடுத்த பிசின் போன்ற கழிவைக்கூட வீணாக்கவில்லை. ரொட்டியில் தடவித் தின்றார்கள். ஏழை வீட்டு ரோக்ஃபோர்!

காதலால் வந்த சீஸ்!

இதை முதலில் கண்டுபிடித்தது யார்? ஊரில் ஒரு கதை சொல்வார்கள். ஓர் ஆட்டிடையன் குகை வாசலில் உட்கார்ந்து ரொட்டியும் பால்கட்டியும் தின்னப் போனான். தூரத்தில் ஓர் அழகி நடந்து போனாள். சாப்பாட்டைப் போட்டது போட்டபடி குகையில் விட்டுவிட்டு ஓடினான்! பெண் கிடைத்தாளோ இல்லையோ, பல நாள் கழித்துப் பசியோடு திரும்பி வந்தான். ரொட்டியெல்லாம் பூசணம். பால்கட்டியிலும் நீலக் கோடுகள். பசியில் கண் மூடி ஒரு கடி கடித்தான்... மிச்சம் சரித்திரம்!

கதைதான், கதைதான்! ஆனால் செய்முறை முழுவதும் கதைக்குள் இருக்கிறது பாருங்கள். ரொட்டி, குகை, மறதி!

சக்கரவர்த்தி தூக்கிப் போட்டது எது?

ஐரோப்பாவையே ஆண்ட சார்லமேன் சக்கரவர்த்தியைப் பற்றி 9-ம் நூற்றாண்டுத் துறவி ஒருவர் எழுதி வைத்த வேடிக்கை இது. விரத நாளில் ஒரு பிஷப் வீட்டில் போய் இறங்கினார் சக்கரவர்த்தி. மீன் கிடைக்கவில்லை, சீஸ்தான் இருந்தது. அதிலிருந்த பூசணத்தைக் கத்தியால் நோண்டி நோண்டித் தூக்கிப் போட்டாராம். பிஷப் தயங்கித் தயங்கி, "அரசே, எது ருசியோ அதையே எறிகிறீர்களே!" என்றாராம். ருசி பார்த்த சக்கரவர்த்தி வருஷா வருஷம் இரண்டு வண்டி அனுப்பு என்று கட்டளையே போட்டுவிட்டார்!

அது எந்த ஊர்ச் சீஸ்? துறவி எழுதவில்லை. ரோக்ஃபோர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? "எங்களுடையதுதான்!" என்கிறார்கள். பிரீ சீஸ் செய்கிறவர்களும் அதையேதான் சொல்கிறார்கள்!

கண்ணாடி ராஜா கொடுத்த பட்டயம்!

இது கதை இல்லை, சரித்திரம். 1411-ல் பிரான்ஸ் மன்னர் ஆறாம் சார்லஸ் ஒரு பட்டயம் கொடுத்தார். இந்தச் சீஸைக் குகையில் பழுக்க வைக்கும் உரிமை ரோக்ஃபோர் ஊராருக்கு மட்டுமே! பாறை மண்ணில் திராட்சையும் கோதுமையும் விளையாத ஊர் வேறு எதை வைத்துப் பிழைக்கும்? பின்னால் வந்த மன்னர்களும் அந்த உரிமையை மறுபடி மறுபடி உறுதி செய்தார்கள்.

அந்த ஆறாம் சார்லஸ் யார் தெரியுமா? மனநோயால் அவதிப்பட்ட ராஜா! தன் உடம்பு கண்ணாடியால் ஆனது, யாராவது தொட்டால் நொறுங்கிப் போவேன் என்று பயந்து நடுங்கினார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். உடைக்குள் இரும்புக் கம்பி வைத்துத் தைத்துக்கொண்டாராம்! பாவம், உடைந்துவிடுவோம் என்று பயந்த ராஜா போட்ட கையெழுத்துதான் அறுநூறு வருஷமாக உடையாமல் நிற்கிறது!

பெயரைத் திருடினால் தண்டம்!

1666: ரோக்ஃபோர் என்று பொய் சொல்லி வேறு சீஸை விற்றால் தண்டம் என்று துலூஸ் நகரத்து உயர்மன்றம் ஆணை போட்டது.

1925: பிரான்ஸில் பிறப்பிடப் பாதுகாப்புப் பெற்ற முதல் சீஸ் இதுதான்! நம்மூரில் பழனி பஞ்சாமிர்தத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2019-ல். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

1961: மியோ நகர நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. செய்முறை ஒன்றாகவே இருக்கலாம், பாலும் ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் கொம்பாலு மலையின் இயற்கைக் குகையில் பழுக்காவிட்டால் அது ரோக்ஃபோர் இல்லை! மலைக்கு இப்படியொரு தீர்ப்பு கிடைத்ததை வேறெங்காவது கேட்டிருக்கிறீர்களா?

இதில் ஒரு கிளைக்கதையும் உண்டு. 1925 சட்டம் செம்மறியாட்டுப் பால் மட்டும்தான் என்று கறாராகச் சொன்னதும், பசும்பாலில் அதே மாதிரி செய்துகொண்டிருந்தவர்கள் என்ன செய்தார்கள்? வேறு பெயர் தேடினார்கள். அதுதான் இன்று 'ப்ளூ தே கோஸ்' என்ற தனிச் சீஸ்!

சீஸுக்கும் கையுறைக்கும் என்ன சம்பந்தம்?

பாலை நாம் எடுத்துக்கொண்டால் குட்டிகளின் கதி? கடா குட்டிகள் சின்ன வயதிலேயே கறிக்குப் போய்விடும். மிஞ்சுவது பூவைப் போல மெல்லிய தோல். பக்கத்து நகரமான மியோ அந்தத் தோலைப் பிடித்துக்கொண்டது. விளைவு? பிரான்ஸின் கையுறைத் தலைநகரமே அதுதான்! பாரிஸ் நாகரிகச் சீமாட்டிகள் அணிந்த வழுவழுப்பான கையுறைக்கும், அவர்கள் தட்டில் இருந்த நீலச் சீஸுக்கும் தாய் ஒரே ஆடுதான்!

தண்ணீரைக் குடிக்கும் பூமி!

ஆடுகள் மேயும் லார்ஸாக் பீடபூமி முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. மழை பெய்தால் சல்லடையில் ஊற்றிய மாதிரி கீழே போய்விடும். ஆடு எங்கே தண்ணீர் குடிக்கும்? ஆட்டிடையர்கள் வட்டமாகக் குழி தோண்டி, அடியில் கல் பரப்பி, தட்டு மாதிரி குளம் கட்டினார்கள். இன்றும் பார்க்கலாம்! கோஸ், செவென் என்ற இந்த மேய்ச்சல் நிலப்பரப்பை 2011-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கோட்டைக்கோ மாளிகைக்கோ கொடுத்த பெருமை இல்லை. ஆடு மேய்த்ததற்குக் கொடுத்த பெருமை!

ஈஃபிள் கோபுரத்தடியில் ஆடுகள்! நடுவில் காந்தி!

இதைப் படித்தால் நிச்சயம் வாய் பிளப்பீர்கள்.

1971-ல் பிரெஞ்சு அரசு ஒரு திட்டம் போட்டது. லார்ஸாக்கில் இருந்த 3,000 ஹெக்டேர் ராணுவ முகாமை 17,000 ஹெக்டேராகப் பெருக்க வேண்டும்! அங்கே இருந்தவர்கள் யார்? ரோக்ஃபோருக்குப் பால் கறப்பவர்கள்! நிலத்தை விடமாட்டோம் என்று 1972-ல் 103 உழவர்கள் உறுதிமொழியில் கையெழுத்திட்டார்கள்.

அதே சமயம் பக்கத்து லா கவலரி ஊரில் ஒரு தாடிக்காரர் 15 நாள் உண்ணாவிரதம் இருந்தார். யார் தெரியுமா? லான்ஸா தெல் வாஸ்தோ. இத்தாலியில் பிறந்தவர். 1930-களில் இந்தியாவுக்கு வந்து, வார்தாவில் காந்தியோடு தங்கியவர். காந்தி அவருக்கு வைத்த பெயர் சாந்திதாஸ்! கத்தி வேண்டாம், கல் வேண்டாம், அகிம்சையே போதும் என்று அந்த உழவர்களுக்கு வழி சொன்னவர் அவர்தான். வார்தா ஆசிரமத்துப் பாடம் பிரான்ஸின் ஆட்டுக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தது!

உழவர்கள் என்ன செய்தார்கள்? 1972 அக்டோபரில் 60 ஆடுகளைப் பாரிஸுக்குக் கொண்டுபோய் ஈஃபிள் கோபுரத்தின் அடியில் மேயவிட்டார்கள்! 1978-ல் பாரிஸுக்கு நடந்தே போனார்கள். 710 கிலோமீட்டர்! போராட்டம் பத்து வருஷம் நீடித்தது. 1981-ல் மித்தெரான் அதிபரானார். திட்டத்தைக் கைவிட்டார்.

ஆடுகள் ஜெயித்தன! ராணுவம் வாங்கி வைத்திருந்த சுமார் 6,300 ஹெக்டேர் நிலத்தை 1985 முதல் உழவர்களே சேர்ந்து நீண்டகாலக் குத்தகையில் நிர்வகிக்கிறார்கள். நிலம் அரசுடையது, பொறுப்பு அவர்களுடையது!

ஹார்மோன் மாட்டுக்காக ஆட்டுக்கு அடி!

1999. அமெரிக்காவில் மாட்டுக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள், அந்தக் கறி வேண்டாம் என்றது ஐரோப்பா. கோபித்துக்கொண்ட அமெரிக்கா சில ஐரோப்பியப் பண்டங்களுக்கு 100 சதவீத வரி போட்டது. பட்டியலில் யார் பெயர் இருந்தது தெரியுமா? ரோக்ஃபோர்! மாட்டுச் சண்டையில் ஆட்டுக்கு அடி!

லார்ஸாக்கில் ஆடு வளர்த்துக்கொண்டிருந்தார் ஜோசே போவே. ராணுவ எதிர்ப்புப் போராட்டத்தின்போது அங்கே வந்து, ராணுவம் வாங்கிய பண்ணையிலேயே குடியேறி, அப்படியே தங்கிவிட்டவர். 1999 ஆகஸ்ட் 12 அன்று கூட்டாளிகளோடு மியோவில் கட்டிக்கொண்டிருந்த மெக்டொனால்ட்ஸ் கடைக்குப் போனார். அதைப் பிரித்துப் போட்டுவிட்டார்கள்! 2000-ல் மியோவில் விசாரணை நடந்தபோது அந்தச் சின்ன நகரத்தில் பல்லாயிரம் பேர் திரண்டார்கள். தீர்ப்பு? மூன்று மாதச் சிறை. 2002-ல் சிறைக்குப் போனபோது எப்படிப் போனார் தெரியுமா? டிராக்டரில்! பிறகு ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினராகவும் ஆனார்.

இதோடு விட்டதா? 2009 ஜனவரியில், புஷ் ஆட்சி வீட்டுக்குப் போகப் போகிற கடைசி நாட்களில், ரோக்ஃபோருக்கு வரி 300 சதவீதம் என்று அறிவித்தார்கள்! அறுநூறு பேர் வாழும் ஊரின் சீஸுக்கு வல்லரசின் வழியனுப்பு மரியாதை! நல்ல வேளை, அமலுக்கு வருவதற்கு முன்பே பேசித் தீர்த்துக்கொண்டார்கள்.

இன்னும் சில துணுக்குகள்!

பச்சைப் பாலில் செய்தது என்பதால் ஆஸ்திரேலியா இந்தச் சீஸை உள்ளேயே விடவில்லை. 2005-ல்தான் கதவு திறந்தது!

பிரான்ஸில் உணவுப் பொட்டலங்களில் ஏ முதல் இ வரை ஆரோக்கிய மதிப்பெண் ஒட்டும் வழக்கம் உண்டு. ராஜா பட்டயம் பெற்ற ரோக்ஃபோருக்கு என்ன மார்க்? கடைசி இரண்டு தரங்களில் ஒன்று! உப்பும் கொழுப்பும் அதிகமாம். பெரிய வீட்டுப் பிள்ளை பரீட்சையில் கோட்டை விட்ட கதை. எங்களுக்கு இந்தப் பரீட்சையே வேண்டாம் என்று 2021-ல் உற்பத்தியாளர்கள் கொடி பிடித்தார்கள்!

பக்கத்து ஊர் தூர்னமீர். அங்கே கைவிடப்பட்ட பழைய ரயில் சுரங்கப்பாதைக்குள் அணுக்கழிவு ஆராய்ச்சிக்கூடம் இருக்கிறது! பயப்படாதீர்கள், கழிவு எதுவும் இல்லை. ஆழத்தில் புதைத்தால் அந்தக் களிப்பாறை தாங்குமா என்று பாறையைத்தான் சோதிக்கிறார்கள்.

இருபது கிலோமீட்டருக்குள் இன்னோர் அதிசயம்! 2004-ல் திறந்த மியோ பாலம். நீளம் 2,460 மீட்டர். உச்சி 343 மீட்டர்! ஈஃபிள் கோபுரத்தையே எட்டிப் பார்க்கும் உயரம்! கீழே தார்ன் ஆறு, மேலே கார்கள், நடுவில் சில நாள் மேகம்!

அசலா, போலியா?

நம்மூர் பெரிய கடைகளிலும் நீலச் சீஸ் எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. எல்லா நீலமும் ரோக்ஃபோர் ஆகிவிடாது! அசலுக்கு ஓர் அடையாளம் உண்டு. 1930-ல் ஏற்பட்ட உற்பத்தியாளர் கூட்டமைப்பின் முத்திரை, ஒரு சிவப்புச் செம்மறியாடு. உறையில் அது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், சுண்டு விரல் நுனியளவு எடுத்து நாக்கில் வையுங்கள். முதலில் உப்பு உறைக்கும், பிறகு வெண்ணெய் மாதிரி கரையும், கடைசியில் மூக்குக்குள் ஒரு காரம் ஏறும். பிடிக்காவிட்டால் துப்பிவிடாதீர்கள், விலை அதிகம்!